ஆலயத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் குழுவின் அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் செங்கல் ஆலயத்தின் சுவர், கூரை வேலைகள் முடிந்து சாரம் பிரித்தாயிற்று. சொன்ன நாளுக்கு மேல் இழுத்துவிட்டது; ஏன் என்று பலரும் கேட்டீர்கள். சிமெண்டை விட்டுவிட்டுச் சுண்ணாம்பிலேயே பூசுவது என்று குழு எடுத்த முடிவுதான் காரணம்.

தெற்குச் சுவரில் முன்பு நாமே பூசிய சிமெண்டைக் கொத்தியபோது, உள்ளேயிருந்த சித்துக்கல் (பழைய காலத்துச் சிறிய, மெல்லிய செங்கல்) விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. நம்முடையது கடலோர மண். ஓதம், அதாவது தரை ஈரம், உப்பையும் இழுத்துக்கொண்டு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சானால் ஈரம் அதன் வழியே ஆறிவிடும். உப்பில் பொரிந்தாலும் பூச்சு போகுமே தவிர கல் போகாது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து அதைத் தின்றிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் பார்த்தபோது மனசு கனத்துப்போனது.

அப்புறம்தான் தரங்கம்பாடிக்குப் போய்ப் புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்து வந்தோம். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1707-ல் எழுப்பிய சிறிய ஆலயத்துக்குப் பின் கட்டியது அது. 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டை. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரையும் கிரீடமும். மறு பிப்ரவரியிலேயே, 36 வயதில், ஐயர் காலமானார். அவர் கல்லறை பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிறது. அங்கே சற்று நேரம் பேசாமல் நின்றோம். 300 வருஷம் உப்புக்காற்றைத் தாங்கிய சுவரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, சிமெண்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மணலும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்தோம். ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை நினைவிருக்கும். ஒவ்வொரு பூச்சும் மெதுவாகத்தான் இறுகும். ஈரச்சாக்கு போர்த்திக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். நாள் போனது இதில்தான்.

கூரையில் இரண்டு தேக்கு உத்திரங்களின் முனை இற்றிருந்தது. அந்த அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டோம். செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தது தேவகிருபை. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

தெற்கு வாசலருகே ஒரு முழ அளவு இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறோம். அதில் ஒரு கல்லில் ஆட்டுக்குட்டியின் குளம்பு பதிந்திருக்கிறது. அறுத்த ஈரக்கல் காயும்போது மிதித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

சுவருக்கு இனி வெள்ளையடிப்பு மட்டும்தான், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. கிறிஸ்துமஸ் தோரணத்துக்கு ஆணி அடிக்க வேண்டாம். சாளரத்துக்கு மேலே கொக்கிகள் வைத்திருக்கிறோம். மீந்த சுண்ணாம்பு பின்புறக் குழியில் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கெட்டுப்போகாது, யாரும் அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். மழைக்குப் பின் எங்காவது பொரிந்தால் அதை எடுத்துத்தான் பூசவேண்டும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்