பிள்ளை பிறந்த பிறகும் அழுத்தம் பார்க்க வேண்டும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள தோழிக்கு,

உன் மகள் கர்ப்பமாகி ஆறாம் மாதம் நடக்கிறது என்றறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால், கிளினிக்கில் இரத்த அழுத்தம் 140/90 காட்டியும், "நன்றாகத்தானே நடமாடுகிறாள்" என்று நீ எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது.

கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் எந்த வலியும் காட்டாமல் ஏறுவதுதான் ஆபத்து. 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் அந்த அளவைத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதைப் பிரீஎக்லாம்சியா என்பார்கள். நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் சரிவர அமையாததில் தொடங்கி, தாயின் ஈரல், சிறுநீரகம், மூளை வரை அது தாக்கக்கூடும். 160/110 ஆகிவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. நம் தோட்டத்துப் பாட்டிமார் சொல்வதுபோல் கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணம்தான். முகமும் கையும் திடீரென்று வீங்குவது அப்படியல்ல. உப்பைக் குறைத்தால் இது வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் தலைவலி என்றாள். வாடை பட்டிருக்கும் என்று மாமியார் தைலம் தேய்த்துத் துணியால் தலையை இறுகக் கட்டிவிட்டார். சுவரிலிருந்த நாட்காட்டியின் எழுத்துகள் கலங்கலாகத் தெரிகின்றன என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, வீட்டுக்கு வந்த தாதி அழுத்தம் பார்த்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வே காட்டியிருக்கிறது. அவள் பிழைத்தாள். பிரசவத்தோடு ஆபத்து நீங்கிவிடும் என்று நாம் நம்பியிருந்தோமே, பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட இந்த நோய் வரலாம்.

ஆகவே மகளின் கர்ப்பச் சோதனைகளைக் கிளினிக்கில் பதியும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை நீயே வாங்கிப் பார். ஒவ்வொரு சோதனையிலும் அழுத்தமும் சிறுநீரும் பதிவாகியிருக்க வேண்டும். கடும் தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவின் கீழ் வலி, மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் கூட்டிச் செல். பிள்ளை பெற்றபின் பத்தியம் காக்கும் நாட்களில் வீட்டில் ஓர் அழுத்தக் கருவி இருக்கட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவளாக நிறுத்த விடாதே. அடுத்த பிள்ளை உண்டானால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நோயைத் தடுக்க மருத்துவர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் அதிகப் பலன்.

அடுத்த சோதனையில் என்ன எண் வந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி