விலைக் கட்டத்தை யார் கேட்டது? மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

மலைக்காரர்களுக்குச் செயலி செய்துதரும் கோவை, சென்னைக் குழுக்களுக்கு இதை எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயக் குடும்பம் என்னுடையது. பிழைப்பு, மென்பொருள் சோதனை.

பச்சைத் தேயிலைக் கொள்முதலுக்கு எங்கள் பக்கம் ஒரு செயலி வந்தது. எடையைப் போட்டதும் விலையை நிரப்பச் சொல்லி ஒரு கட்டம் வரும்; அதை நிரப்பாவிட்டால் ரசீது வராது. அன்றைக்கே விலை யாருக்குத் தெரியும்? தேயிலைத்தூள் ஏலத்தில் போன சராசரியை வைத்து, பச்சைத் தேயிலைக்கான மாத விலையைத் தேயிலை வாரியம் பிறகுதான் அறிவிக்கிறது. வேறு வழியில்லாமல் எடை போடுகிறவர் ஒரு ரூபாய் என்று போட்டுவிடுகிறார். மாதக் கடைசியில் கணக்கு குழம்புகிறது.

எடை தெரிந்தால் விலையும் தெரிந்திருக்கும் என்று உங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். எல்லோர் மனத்திலும் மளிகைக் கடை பில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீர்க் கழிவு பிடிப்பார்களே, அதற்கும் கட்டம் இல்லை. விவசாயிக்கும் ஏஜெண்டுக்கும் வாக்குவாதம் வருவதே அந்தக் கழிவில்தான். முதலில் பதிவாக வேண்டியது அதுதான் என்பேன். ஓடிபியோ, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடைய போனுக்குப் போகிறது. அம்மா தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

திறமை இல்லாததால் வருவதல்ல இது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4-க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஓர் எண், கணினியில் அதற்கு ஒதுக்கிய 16 பிட் என்ற சிறிய இடத்துக்குள் அடங்கிவிடும் என்பது பழைய ராக்கெட்டுக்குச் சரி. புதியதன் பாதையில் அந்த வேகம் கூடுதல், எண் அடங்கவில்லை.

புது யோசனைக்காக மணிக்கணக்கில் கூட்டம் போடுகிறீர்கள். விலையை எப்படிச் சுலபமாக நிரப்ப வைக்கலாம் என்று கேட்டால், பேச்சு அந்தக் கட்டத்தையேதான் சுற்றும். விலை இப்போதே வேண்டுமா என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். இன்றைக்கு எடைக்கு மட்டும் ரசீது, நடுவில் வாங்கிய முன்பணம், விலை வந்தபின் கணக்கு முடிப்பது என்று வடிவமைப்பே மாறிவிடும்.

அடுத்த ஸ்பிரிண்டுக்கு, அதாவது அடுத்த சுற்று வேலைக்கு முன்னால், இது இப்படித்தான் என்று நீங்கள் நம்புவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் பேனாவைக் கொடுங்கள். பழகிய கண்ணுக்கு அவை படாது. தாளை எடுத்துக்கொண்டு ஐப்பசி மழையில் இங்கே வாருங்கள். இலை எடை போடும் நேரத்தில் கூட நின்று, கணக்கு எழுதுபவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செயலியில் இடம் கிடைக்காததெல்லாம் அதில் இருக்கும். வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நானும் லீவு போட்டுவிட்டு உங்களோடு வருகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மென்பொருள் சோதனையாளர்