சாவி யாரிடம், கணக்கு யாரிடம்? கில்ட் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கில்ட் மாஸ்டர்களுக்கும் ஆபீசர்களுக்கும் வணக்கம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டத்தில் வாரம் இரண்டு மூன்று இரவு ரெய்டு (பலர் கூடிப் பெரிய எதிரிகளோடு மோதுவது) போகும் கில்டுகளை, அதாவது நிலையான ஆட்டக் குழுக்களை, மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். வேறு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். பாஸை, அதாவது ரெய்டின் பெரிய எதிரியை, எப்படி வீழ்த்துவது என்று இதில் ஒரு வரியும் கிடையாது. அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நன்றாக ஆடிக்கொண்டிருந்த கில்ட் திடீரென்று கலைந்தால், பின்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். எல்லா அனுமதியும் ஒரே ஆளிடம் குவிந்திருக்கும். அல்லது யாருக்கு எந்தப் பொருள் போனது என்ற கணக்கை யாரும் பார்க்க முடியாமல் இருக்கும். இரண்டையும் மென்பொருளை வைத்தே சரிசெய்யலாம். ஆனால் மென்பொருளை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இப்போது வழக்கமாக இருக்கிறது.

அனுமதியிலிருந்து தொடங்குகிறோம். விண்வெளிப் போர் ஆட்டமான ஈவ் ஆன்லைனில் 2009 பிப்ரவரியில் நடந்ததை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அப்போது அந்த ஆட்டத்தின் பெரும் கூட்டணி. டைரக்டர் என்ற நிர்வாக உரிமை வைத்திருந்த ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்தார். சாயும்போது கூட்டணியையே கலைத்துவிட்டுப் போனார். யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த பொத்தானை அவர் அழுத்தினார், அவ்வளவுதான். அதே ஆட்டத்தில் 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தின் பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாமல் போய், அதன் உரிமை பறிபோனது. அதை மீட்க நடந்த சண்டையில், ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. ஒரு பில் கட்டப்பட்டதா என்று இன்னொருவரும் பார்த்திருந்தால் போதும்.

கில்ட் பேசிக்கொள்ளும் உங்கள் டிஸ்கார்ட் சர்வரை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அனுமதி சேனல்களில் நீங்கள் போட்டிருக்கும் எல்லாத் தடைகளையும் தாண்டும். ஆபீசர் சேனலைப் பூட்டி வைத்துவிட்டு, பாட் (சர்வரில் தானாக வேலை செய்யும் நிரல்) ஒன்றுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதற்கு அட்மின் கொடுத்தால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை. அட்மின் இரண்டு பேரிடம் இருக்கட்டும். மற்ற ஆபீசர்களுக்கு மெசேஜை நீக்குவது, டைம்அவுட் கொடுப்பது (சிறிது நேரம் பேச விடாமல் நிறுத்துவது), ரோல் எனும் அனுமதிக் குழுவை மாற்றுவது ஆகிய மூன்றும் போதும். மாடரேஷனுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் அமைப்பு சர்வர் செட்டிங்கிலேயே இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

'பாட் ரோல் கொடுக்க மாட்டேன் என்கிறது' என்று புலம்பி, கடைசியில் அதற்கு அட்மின் கொடுப்பவர்கள் நிறைய. ரோல் பட்டியலில் பாட்டின் ரோல், அது கொடுக்க வேண்டிய ரோலுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் ரோல் மாற்றும் அனுமதி இருந்தும் பயனில்லை. பட்டியலில் அதைப் பிடித்து மேலே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அட்மின் தேவையே இல்லை.

யார் எதை மாற்றினார் என்று டிஸ்கார்ட் பதியும் ஆடிட் லாகை நம்பி இருக்காதீர்கள். அதில் 45 நாள் விவரம்தான் இருக்கும். இரண்டு மாதம் முன்பு யார் அந்த ரோலைக் கொடுத்தார் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. முக்கியமான மாற்றங்களை ஆபீசர் சேனலில் ஒரு வரியாக எழுதி வைக்கும் பழக்கம் இதற்குப் போதும்.

கில்டின் பொதுப் பொருள்களை வைக்கும் கில்ட் பேங்க் விஷயம் இன்னும் கூர்மையானது. ஒரு கில்டில் 10 ரேங்க் வரை, பேங்கில் 8 டேப் (தனித்தனிப் பிரிவு) வரை வைக்கலாம். ஒவ்வொரு ரேங்கும் ஒவ்வொரு டேபிலிருந்தும் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு போடலாம். அந்த எண் கணக்கிடுவது பொருளை அல்ல, அடுக்கை. 5 என்று போட்டால் ஐந்து போஷன் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு அடுக்கில் 200 போஷன் இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் 1000 போஷனைச் சட்டப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் ரெய்டர்களுக்கான டேபில் பொருளைச் சிறு அடுக்குகளாகப் பிரித்து வையுங்கள், வரம்பை 2, 3 என்று வையுங்கள், மொத்த இருப்பை ஆபீசர் மட்டும் பார்க்கும் டேபில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இருப்பை விரிதாளில் பதிவதும் அவசியம். சில கில்டுகளின் பேங்கிலிருந்து காணாமல் போன பொருள்களில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முடியாது என்று 2025 தொடக்கத்தில் ஆட்டத்தை நடத்தும் ப்ளிஸார்டே அறிவித்தது நினைவிருக்கும். தன்னிடம் பட்டியல் இல்லாத கில்டுக்கு என்ன போனது என்றுகூடச் சொல்லத் தெரியாது.

அடுத்தது லூட், அதாவது பாஸ் விழுந்ததும் கிடைக்கும் பொருள்களைப் பங்கிடுவது. பெரும்பாலான சண்டை இங்கேதான்.

1999இல் எவர்க்வெஸ்ட் ஆட்டத்தின் ஆஃப்டர்லைஃப் என்ற கில்ட் டிகேபி எனும் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி, பொருள் எடுத்தால் கழிவு. எளிமையான முறை. ஆனால் புள்ளி செலவாவதைவிட வேகமாகச் சேர்ந்துகொண்டே போகும். பழைய ஆள் சிறு பொருளையெல்லாம் விட்டுவிட்டுக் காத்திருந்து, நல்ல ஆயுதம் விழும் நாளில் ஒரேயடியாகக் கொட்டுவார். நடுவில் விழுந்த பொருள்கள் யாருக்கும் வேண்டாமல் அழியும்.

இபிஜிபி இதற்கு மாற்று. ரெய்டுக்கு வந்து சேர்த்த உழைப்புப் புள்ளியை, எடுத்த பொருளுக்கு ஏறும் பொருள் புள்ளியால் வகுத்து வரும் எண்தான் முன்னுரிமை. இதில் பலரும் தவறவிடுவது அடிப்படைப் பொருள் புள்ளி. பழைய ரெய்டர் ஒருவருக்கு உழைப்பு 900, பொருள் 300 என்றால் முன்னுரிமை 3. நேற்று சேர்ந்தவருக்கு உழைப்பு 100, பொருள் 10 என்றால் முன்னுரிமை 10. வந்த இரண்டாம் நாளே அவர் எல்லாரையும் முந்திவிடுவார். வாய்ஸ் சேனலில் அமைதி நிலவும். மறுநாள் இருவர் கில்டை விட்டுப் போவார்கள். எல்லாருக்கும் அடிப்படையாக 200 பொருள் புள்ளி சேர்த்தால் பழையவருக்கு 900ஐ 500ஆல் வகுத்து 1.8, புதியவருக்கு 100ஐ 210ஆல் வகுத்து 0.48 என்று வரும். வாரம் 10 சதவீதம் தேய்மானமும் போடுங்கள், இரண்டு புள்ளிகளுக்கும் சேர்த்தே. உழைப்பில் மட்டும் கழித்தால் ஒரு வாரம் ஊருக்குப் போனவர் இரட்டைத் தண்டனை அனுபவிப்பார்.

புள்ளி இல்லாமல் சிலர் கூடிப் பொருள் யாருக்கு என்று முடிவு செய்யும் லூட் கவுன்சில் வைத்து நடத்துவது எங்களுக்குப் பிடித்த முறைதான். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். அதற்கு ஆர்சிலூட்கவுன்சில் ஆட்ஆனை (ஆட்டத்தோடு சேரும் துணை நிரல்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, ஒருவரே எல்லாப் பொருளையும் பங்கிடும் மாஸ்டர் லூட் 2018இல் எடுக்கப்பட்டு, 2022இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தோடு, பகடை உருட்டிப் பொருள் பெறும் குரூப் லூட் ரெய்டுக்குத் திரும்பியது. இப்போது பொருள் யாரோ ஒருவர் பைக்குள் விழுந்து, பிறகுதான் கைமாறுகிறது. அப்படிக் கைமாற 2 மணி நேரம்தான் அவகாசம். 'ரெய்டு முடிந்ததும் பேசிக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போட்டால் முதல் பாஸின் பொருள் எடுத்தவரோடே ஒட்டிக்கொள்ளும். பாஸ் விழுந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிவு சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, லூட் வரலாறு எங்கே இருக்கிறது என்பது. ஆட்டத்தின் சர்வரில் இல்லை. ஒவ்வொருவர் கணினியிலும் டபிள்யூடிஎஃப் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதுவும் லாக்அவுட் செய்யும்போதோ ரீலோட் (ஆட்டத் திரையை மறுபடி ஏற்றுவது) கொடுக்கும்போதோதான் வட்டில் எழுதப்படும். கடைசி பாஸுக்குப் பிறகு ஆட்டம் கிராஷ் ஆனால் அன்றைய கணக்கு முழுவதும் போய்விடும். எனவே கடைசிப் பொருளைக் கொடுத்ததும் முதல் வேலை ரீலோட். பிறகு வரலாற்றை எக்ஸ்போர்ட் செய்து விரிதாளில் ஒட்டுங்கள். இதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யட்டும். அந்தத் தாளைக் கில்ட் முழுவதும் படிக்கலாம், ஆபீசர் மட்டும் திருத்தலாம் என்று வைத்தால் 'அவனுக்கே எல்லாம் போகிறது' என்ற முணுமுணுப்பு பாதியாகக் குறையும். மீதிப் பாதி நியாயமானதாகவே இருக்கக்கூடும். தாளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

வருகைக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மிகக் கடினமான நிலையான மிதிக் ரெய்டுக்கு 2014 முதல் சரியாக 20 பேர். யாராவது வராமல் போவார்கள் என்பதால் 23 முதல் 25 பேர் வரை வைத்திருப்பீர்கள். சண்டைப் பதிவுகளை ஏற்றும் வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் வருகைப் பட்டியல் தானாகவே வருகிறது என்று அதையே எடுத்துக்கொண்டால், அழைத்தால் வரத் தயாராக இரவு முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் வராதவர் ஆகிவிடுகிறார். லாகுக்குத் தெரிவது சண்டைக்குள் இருந்தவர்களை மட்டும்தான். ரெய்ட்-ஹெல்பர் போன்ற பதிவு பாட் ஒன்றில் பெஞ்ச், தாமதம், வரவில்லை என்று தனித்தனியே பதியும் வசதி இருக்கிறது. வருகைக்கு அதையே ஆதாரமாக வையுங்கள். பெஞ்சில் இருந்தவருக்கு ஆடியவருக்குச் சமமான புள்ளி கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டும் கில்டில் இரண்டே மாதத்தில் பெஞ்ச் காலியாகிவிடும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பிய சர்வரில் புதன் இரவு 8 மணிக்கு ரெய்டு என்று வையுங்கள். கோடையில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு அது புதன் இரவு 11.30. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பியக் கடிகாரம் பின்னால் போனதும் அதே ரெய்டு இங்கே 12.30, அதாவது வியாழன். நேரம் மட்டுமல்ல, கிழமையே மாறுகிறது. 'புதன் 12.30' என்று கையால் எழுதிப் போட்டால் ஒருவர் ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருப்பார், இன்னொருவர் வரவே மாட்டார். டிஸ்கார்டில் நேர முத்திரை போட்டால் படிப்பவரின் உள்ளூர் நேரமே தெரியும். அறிவிப்பில் வேறு எந்த நேரத்தையும் எழுதாதீர்கள்.

கருவிகளைப் பெருக்காதீர்கள். டிஸ்கார்ட், பதிவு பாட் ஒன்று, லூட் ஆட்ஆன், விரிதாள், இவை போதும். ஆறாவது கருவி வந்ததும் நான்காவதை யாரும் திறக்க மாட்டார்கள். சேர்க்கை விண்ணப்பத்தில் உண்மைப் பெயர், போன் எண், ஊர் கேட்பதையும் நிறுத்துங்கள். ரெய்டு நடத்த அவை எதற்கும் பயன்படாது. தாள் கசிந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆபீசர் ஒருவர் விலகும்போது, சண்டை போட்டுப் போனாலும் சிரித்துக்கொண்டே போனாலும், வரிசை ஒன்றுதான். முதலில் ஆட்டத்துக்குள் ரேங்கைக் குறையுங்கள், ஏனென்றால் பேங்க் அங்கேதான் திறக்கும். பிறகு டிஸ்கார்ட் ரோல், விரிதாள் பகிர்வு, பாட்டின் டேஷ்போர்டு. கடைசியாக வெப்ஹூக், அதாவது வெளியிலிருந்து சேனலில் எழுத உதவும் இணைய முகவரி. அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அந்த முகவரி கையில் இருந்தால் சர்வரில் இல்லாதவர்கூட உங்கள் அறிவிப்பு சேனலில் எழுதலாம். பழையதை நீக்கிப் புதிதாக உருவாக்குங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரும் புதன் ரீசெட்டுக்கு (வாரம் ஒருமுறை ரெய்டுகள் புதிதாகத் திறக்கும் நேரம்) முன் ஒரு தாளை எடுத்து, கில்ட் மாஸ்டர் பதவி, டிஸ்கார்ட் உரிமை, விரிதாள் உரிமை, லாக் ஏற்றும் கணக்கு, பாட் சேவைக்குப் பணம் கட்டும் கார்டு ஆகிய ஐந்துக்கும் எதிரே இப்போது யார் பெயர் என்று எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் அதில் இரண்டை இந்த வாரமே வேறு ஆபீசருக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ரெய்டுக் கணக்கு எழுதும் சிலர்