விளையாட்டுப் பீரியட் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன தேர்வில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: உங்கள் வயதினர் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஓடியாடி இயங்க வேண்டும்? ஏறக்குறைய எல்லாருமே '60 நிமிடம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அதே வாரம் விளையாட்டுப் பீரியடில் தலைவலி, கால்வலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களில் பலர்தான். விடைத்தாள்களைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசனை.

'உடல்நல எழுத்தறிவு' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். உடல்நலம் பற்றிய தகவலைத் தேடுவது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, தன் வாழ்க்கையில் பயன்படுத்துவது, இந்த நான்கும் சேர்ந்ததுதான் அது. பள்ளியில் நாங்கள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். பதின்வயதில் பிள்ளைகள் தடுக்கி விழுவதோ மூன்றாவதில்.

ஒரே மாதத்தில் கட்டுடல் வந்துவிடும் என்று போனில் யாரோ சொல்கிறார். பையன் இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறான். கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாததால் மொத்தமாக விட்டுவிடுகிறான். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் அடுத்த ஓரிரு நாள் தசை வலிப்பது இயல்பு. அது தெரியாத பெண், 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டுகிறாள். மாதவிடாய் நாட்களில் ஓடவே கூடாது என்று தோழி சொன்னதை அப்படியே நம்புகிறாள். உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஓடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இது நம் பிள்ளைகளின் கதை மட்டுமல்ல. 146 நாடுகளின் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. பெண்களில் அது 85 சதவீதம், ஆண்களில் 78.

உடல்நல எழுத்தறிவு கூடுதலாக உள்ள பிள்ளைகள் கூடுதலாக இயங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எதனால் எது வருகிறது என்று மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. அணியில் ஆடும் பிள்ளை தூக்கம், காயம், தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் மைதானத்திலேயே கற்றுக்கொள்கிறது. எனவே பாடத்தை முடித்துவிட்டு விளையாட்டுக்குப் போகலாம் என்பது சரிவராது என்றே நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தவன் நானேதான். இந்த ஆண்டு அது நடக்காது. நீங்களும் 'படிக்க வேண்டும், விட்டுவிடுங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்பாதீர்கள். ஆஸ்துமா போன்ற தொல்லை இருந்தால், என்ன செய்யலாம், எது கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். விளையாடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, எங்களுக்கும் சொல்லுங்கள்.

அந்த 60 நிமிடம் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதல்ல. வார சராசரியில் வந்தால் போதும். வேக நடை, சைக்கிள், நடனம் எல்லாமே கணக்கில் சேரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் தீவிரம். வாரத்தில் 3 நாளாவது அந்தத் தீவிரம் வேண்டும். தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் பயிற்சியும் அப்படியே, 3 நாள். குதிப்பது, ஏறுவதுகூட அதில் சேரும்.

அடுத்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு விஷயங்களைக் குறித்து வரப்போகிறது: 7 நாள் எவ்வளவு நேரம் இயங்கினேன், உடற்பயிற்சி பற்றிக் கேள்விப்பட்ட ஒரு செய்தியை எப்படிச் சரிபார்த்தேன். நிமிடங்கள் குறைவாக இருந்தால் திட்ட வேண்டாம், கூட்டி எழுதவும் சொல்ல வேண்டாம். உள்ளது உள்ளபடி இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள்; உடற்கல்வி ஆசிரியரும் உடனிருப்பார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்