கோயில் மணியும் பள்ளிக்கூட மணியும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை சுகமாக முடிந்ததை வாசித்த பிறகுதான் நெஞ்சு ஆறியது. இங்கே சோளகம் பலமாக அடிக்கிறது, கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. மனுசி சுகம். பேர்த்தி இந்தத் தையில் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கேதான்!

முதல் கிழமையே வாசல் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அப்பப்பா, றோ.க.த.க. என்றால் என்ன?" என்று கேட்டாள். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்று சொன்னேன். "அப்ப இது கோயில் பள்ளிக்கூடமா, அரசாங்கப் பள்ளிக்கூடமா?" என்று திருப்பிக் கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து, ஆண்டு விழா மலருக்குப் பள்ளிக்கூட வரலாற்றை நான் எழுதவேணும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அதே வேலைதான்.

எங்கள் கத்தோலிக்க ஆட்கள் படிப்பில் பிந்தித்தான் தொடங்கினார்கள். அமெரிக்க மிசனரிமார் 1823இலேயே வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் வைத்துவிட்டார்கள். சைவர்களுக்காக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எங்கள் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்ததே 1847இல். 1850இல் அவர்கள் காலத்தில் தொடங்கியதுதான் பின்னாளில் சம்பத்திரிசியார் கல்லூரி ஆனது. ஆனால் அது பட்டினத்துப் பள்ளிக்கூடம். கரையோரத்துப் பிள்ளைகளுக்கு யார் இருந்தார்கள்?

அங்கேதான் பொன்ஜீன் ஆண்டகை வருகிறார். பிரான்சுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்துவிட்டு 1856இல் இங்கே வந்தவர், 1868இல் யாழ்ப்பாணத்துக்கு ஆயரானார். மதச்சார்பில்லாத பொதுப் பள்ளிக்கூடமே போதும் என்ற எண்ணம் அரசாங்கத்தில் பலமாக இருந்த காலம் அது. பெற்றோர் எந்த வேதத்தில் பிள்ளையை வளர்க்கிறார்களோ அந்த வேதத்துப் பள்ளிக்கூடத்துக்கும் பொதுப் பணத்தில் பங்கு உண்டு என்று அவர் எழுதி எழுதி வாதாடினார். கல்வியை ஆராய்ந்த மோர்கன் குழுவின் அறிக்கை 1867இல் வந்தது, 1869இல் வித்தியா பகுதி என்ற அரசாங்கக் கல்வித் திணைக்களம் உருவாகி, சமயப் பாடசாலைகளுக்கும் அரசாங்கக் காசு கொடுக்கும் உதவிநன்கொடை முறையும் வந்தது. அது எங்களுக்கு மட்டும் வந்த நன்மை இல்லை. பிறகு சைவப் பாடசாலைகள் ஊர் ஊராக எழும்பியதும் இதே வழியால்தான். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் அவருடைய பெயரை மட்டும் மனப்பாடம் செய்தோம். அவர் செய்த வேலை என்ன என்று இப்போதுதான் விளங்குகிறது.

காசு சும்மா வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கேட்டுத் தேறிய பிள்ளைகளை எண்ணித்தான் நன்கொடை. அதனால்தான் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஒரு வள்ளத்திலும் பொடியன்களை ஏற்றக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்ததாக எங்கள் அப்பு சொல்லுவார். முதலில் கோயில் பக்கத்தில் கிடுகுக் கொட்டில், மணலில் விரலால் அரிவரி. அப்புறம் முருகைக்கல் சுவர். அந்தக் கல்லை ஆண்கள் வள்ளத்தில் கொண்டுவந்து இறக்க, பெண்கள் தலையில் சுமந்தார்கள். மீன்பாட்டில் கோயிலுக்கென்று எடுத்த பங்கில் வாத்தியாருக்கும் ஒரு பகுதி போனது. பூசைக்கு அடித்த அதே மணிதான் பள்ளிக்கூடத்துக்கும் அடித்தது, உனக்கும் நினைவிருக்கும்.

மலரில் நல்லதை மட்டும் எழுதினால் காணும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கில் எல்லாரும் சமமாக இருக்கவேணும் என்ற சமாசன விதி வந்தபோது, 1930ஐ ஒட்டி, யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் கொளுத்தப்பட்டன. எங்கள் ஊரிலும் சில பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்ததை அப்பு கண்ணால் கண்டிருக்கிறார். அதையும் எழுதத்தான் போகிறேன்.

1945இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அடுத்தது எங்கள் ஐயாமார் சாகும்வரை கதைத்த விசயம். அரசாங்கம் உதவிபெறும் பள்ளிக்கூடங்களைத் தன் கையில் எடுத்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிர்வாகத்தை எடுத்தது, 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் கட்டடத்தையும் காணியையும் எடுத்தது. தென்பகுதியில் பெற்றோர் அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்குள் போய்க் குடியிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். பெரிய கல்லூரிகளுக்குக் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக இருக்க வழி கிடைத்தது, சம்பத்திரிசியார் அப்படித் தப்பியது. ஊர்க்கோயில் பங்குகளிலிருந்த சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தத் தெரிவே இல்லை. நாங்கள் அரிவரி வாங்கில் இருந்த நேரம், எங்கள் தலைக்கு மேலால் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

ஐயா அதைக் களவு என்றே சொன்னார். அவர் வள்ளத்தில் கொண்டுவந்த கல், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் வாத்தியார்மாரின் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் பிறகு ஒரு ஒழுங்கு வந்ததையும், சைவப் பிள்ளைகள் தயக்கமில்லாமல் வந்து சேர்ந்ததையும் நான் மறைக்க ஏலாது. எனக்கு நோவது வேறொன்று. கை மாறிய பிறகு ஊர் தன் கையையும் எடுத்துவிட்டது. ஓடு உடைந்தால் கல்விக் கந்தோருக்குக் கடிதம் எழுதிவிட்டு இருந்தோம். முன்பென்றால் அந்தப் பின்னேரமே நாலு பேர் கூரையில் ஏறியிருப்பார்கள்.

1995 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகுதான் அது கொஞ்சம் திரும்பியது. திரும்பி வந்தபோது கூரை இல்லை. வேப்பமரத்துக்குக் கீழே வகுப்பு. கிடுகு பின்னிக் கொட்டில் போட்டது பெற்றோரும் பங்குச் சுவாமியாரும் சேர்ந்துதான். யாரும் கந்தோரைக் கேட்கவில்லை. நீ அப்போது கனடாவில், அந்தக் காட்சியைக் காணவில்லை. நூறு வருசத்துக்கு முந்திய படம் உயிரோடு வந்து நின்றது போல இருந்தது.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியில் தொடங்கியவர் என்று பேர்த்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பெயரின் பெருமை அவளுக்கு இன்னும் விளங்கவில்லை, காலம் இருக்கிறது.

சரி, உன்னிடம் எனக்கு ஒரு வேலை. மலர்க்குழு தந்த பட்டியலில் பங்குச் சுவாமிமாரும் அதிபர்களும் வரிசையாக இருக்கிறார்கள். எங்களுக்குப் பால்மா கரைத்து ஊற்றிய ஆச்சி அதில் இல்லை. விடியக் கூட்டித் தண்ணீர் அள்ளி வைத்து, மணியும் அவதான் அடித்தவ. இங்கே கேட்ட எல்லாரும் "ஆச்சி" என்றுதான் சொல்லுகிறார்கள், பெயர் ஒருவருக்கும் வரவில்லை. உன் அம்மாவும் அவவும் நல்ல பழக்கம். உன் அக்காவிடம் கேட்டுப் பார். ஐந்தாம் வகுப்புக் குழுப்படம் உன்னிடம் இருந்தால், அதில் இடது கரையில் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அவ நிற்பா. ஒரு பிரதி எடுத்து அனுப்பு. இந்த மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்கவேணும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்