ஜார்ஜ்டவுன் பற்றிய அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாஷிங்டன் பயணக் கட்டுரையில், ஜார்ஜ்டவுன் "அந்தக் காலத்திலிருந்தே பணக்காரர்கள் குடியிருந்த பகுதி" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் மேரிலாந்தில் 22 வருடமாக இருக்கிறேன். என்னோடு நர்ஸாக வேலை பார்த்த கறுப்பினத் தோழியின் அம்மா பிறந்தது அதே ஜார்ஜ்டவுனில்தான். பாட்டி ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். கிழக்குப் பக்கம் ஹெர்ரிங் ஹில் என்ற இடத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் நிறைய. பக்கத்து ராக் கிரீக் ஓடையில் பிடித்த மீனின் பெயர்தான் அந்த இடத்துக்கும்.

1930களில் அரசு வேலைக்கு வந்த வெள்ளையர்கள் இந்தப் பழைய வீடுகளைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். 1950இல் 'பழைய ஜார்ஜ்டவுன் சட்டம்' என்று ஒன்று வந்தது, வீட்டின் வெளிப்புறத்தில் எதை மாற்றுவதென்றாலும் ஒரு குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்றானது. பழுது பார்க்கும் செலவு கூடியது, வரி ஏறியது, வாடகைக்கு இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர்கள் நல்ல விலைக்கு விற்றார்கள். தோழியின் குடும்பமும் அப்படித்தான் கிளம்பியது.

ஆனால் தங்கள் சர்ச்சுக்குப் போவதை மட்டும் அவர்கள் விடவில்லை. 29ஆம் தெருவில் மவுண்ட் சயான் மெதடிஸ்ட் சர்ச் இருக்கிறது. வெள்ளையர் சபையில் தங்களை ஒதுக்கி வைத்தது பொறுக்காமல் வெளியேறியவர்கள் 1816இல் தொடங்கிய சபை, வாஷிங்டனின் மிகப் பழைய கறுப்பினச் சபை. தோழியின் அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, ஞாயிறு தவறாமல் மேரிலாந்திலிருந்து போகிறார். நானும் மூன்று முறை கூடப் போனேன். ஒரு தடவை கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிவிட்டு நடந்து வரும்போது, தான் பிறந்த வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆராதனை முடியும் வரை அந்தக் கையை விடவே இல்லை.

அந்தச் சபையின் பழைய கல்லறைத் தோட்டத்தையாவது உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் அங்குள்ள ஒரு கல்லறை அறையில் ஒளிந்திருந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஓக் ஹில் கல்லறைத் தோட்டம் எவ்வளவு அழகாகப் பராமரிக்கப்படுகிறது! இங்கேயோ பெயர் பொறித்த கற்களையே பெயர்த்துக் குவித்து வைத்திருந்த காலம் உண்டு.

நான்கு வருடத்துக்கு முன்னும் நீங்கள் வாஷிங்டன் பற்றி ஒரு கட்டுரை போட்டீர்கள். செர்ரிப் பூக்கள், வெள்ளை மாளிகை, அருங்காட்சியகங்கள், அவ்வளவுதான். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்த நகரத்தில் ஒருவர் பேச்சும் இல்லை. அப்போதும் எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இடம் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்த சர்ச்சின் பெயரும் அதில் வரட்டும். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, மேரிலாந்து