சீசனுக்கு முன்னால் மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

முந்தாநாள் ராத்திரி ஒரு மணி நேரம் பேசினாய். நான் "ம், ம்" என்று கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, உன் அம்மை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், அவள் முன்னால் நீ வேலையை விடுகிற பேச்சுக்கு நான் ஆமாம் போட்டாலும் குற்றம், வேண்டாம் என்றாலும் குற்றம். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், இந்த வருஷம் மட்டும் இதே கேள்வியோடு நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தனுக்கும் டீ வாங்கிக் கொடுத்துத் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை.

உன் திட்டம் புரிந்தது. குற்றாலத்து லாட்ஜுகளில் எந்த ரூம் காலி, இன்றைக்கு என்ன வாடகை என்று ஆப்பில் காட்ட வேண்டும், ஆனியில் முதல் சாரல் விழும்போது வெளியிட வேண்டும், அதற்கு இந்த மாதமே ராஜினாமா. ஆப் அழகாகத்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் பேரருவியில் தண்ணீர் விழுகிற மாதிரி செய்திருக்கிறாயே, அதற்கு எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் 2017-இல் ஒரு கத்தரிக்காயைத் திரையில் உருள வைப்பதற்காக மூன்று ராத்திரி விழித்தவன்தான்.

அந்தக் கதையை நம் வீட்டில் யாருக்கும் நான் முழுசாகச் சொன்னதில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரப்போகிறது என்றதும் சென்னையில் உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். இனிமேல் எல்லா வியாபாரியும் கம்ப்யூட்டரில் பில் போட்டே ஆகவேண்டும், பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வரிசையாகக் கமிஷன் கடைகள், கடைக்கு ஒரு சாஃப்ட்வேர், அப்புறம் என்ன? எட்டு மாதம் எழுதினேன், வேலையை விட்டேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதல் கடையில் ஏறினேன். அண்ணாச்சி சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஏம்வே, கத்தரிக்காய்க்கு ஏது ஜி.எஸ்.டி.?" என்றார்.

அவர் சொன்னது சரி. பச்சைக் காய்கறிக்கு வரி கிடையாது, விவசாயி விளைவித்ததை விற்றுக்கொடுக்கிற கமிஷன்காரரின் சேவைக்கும் விலக்கு உண்டு. வேலையை விடுவதற்கு முன்னால் மார்க்கெட் வாசலில் இருக்கிற டீக்கடையில் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லையே.

திரும்பிப் போக வெட்கமாக இருந்தது, அதனால் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டு அதையே சிட்டை எழுதுகிற ஆப்பாக மாற்றினேன். விவசாயி காயைக் கொண்டுவந்து இறக்குவார், ஏலம் போகும், எடை போடுவார்கள், கணக்குப்பிள்ளை கார்பன் பேப்பர் வைத்துத் துண்டுச் சீட்டு எழுதுவார். இத்தனை கிலோ, இன்ன விலை, அதில் கமிஷன் கழிவு, இறக்குக்கூலி கழிவு, வண்டி வாடகை கழிவு, போன மாதம் வாங்கின முன்பணத்தில் கொஞ்சம் கழிவு, மீதி இவ்வளவு. இதைத்தான் போனில் கொண்டுவந்தேன், கூடவே மீதி எவ்வளவு என்று விவசாயிக்கே எஸ்.எம்.எஸ். போய்விடும். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் நல்ல யோசனை என்று சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெளியீட்டுக்கு நாள் குறித்தது 2018 ஓணத்துக்கு. ஓணச் சமயத்தில் நம்ம மார்க்கெட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகும், கூட்டத்தோடு கூட்டமாக நம்ம ஆப்பும் ஏறிவிடும் என்று நினைத்தேன். மூன்று கடையில் போட்டுக்கொடுத்தேன், மூன்றும் இலவசம். அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் அந்தப் பெருவெள்ளம். அந்த அரசே ஓணக் கொண்டாட்டத்தை ரத்து செய்தது. இங்கே காய் தேங்கிவிட்டது, ஏலம் கேட்க ஆளில்லை, கடையில் ஈ ஓட்டினார்கள்.

என் நல்ல காலம் அதுதான். கூட்டம் இருந்திருந்தால் கணக்குப்பிள்ளை என்னிடம் பேசியிருக்கவே மாட்டார். அறுபதைத் தாண்டினவர், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், என் ஆப்பைத் தொடச் சொன்னாலே "சார்ஜ் இல்ல தம்பி", "நெட்டு கிடைக்கல தம்பி" என்று நழுவிவிடுவார். அந்த வாரம் அவருக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை. இரண்டு பேரும் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

முதலில் பேரேட்டைக் காட்டினார். நான் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தேனா, அவர் சிரித்தார். அந்த ஒரே கடைக்குக் காய் போடுகிறவர்களில் இசக்கி என்ற பெயரில் பதினோரு பேர். பேரேட்டில் மோட்டார் இசக்கி, கீழத்தெரு இசக்கி, வாத்தியார் மருமவன் இசக்கி, ரெண்டு மாட்டு இசக்கி என்று எழுதி வைத்திருந்தார். ரெண்டு மாட்டு இசக்கி மாட்டை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. "உம்ம 1047 யாருன்னு அவனுக்கே தெரியாது" என்றார். அன்றைக்கு ராத்திரியே நம்பரைத் தூக்கிவிட்டுப் பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் எங்கள் ஆப்பில் அதிகம் தட்டப்படுகிற கட்டம் அதுதான்.

அப்புறம் பிரிண்டர். மலிவான தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது, எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியாகக் கக்கும். நான் சீட்டை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோய் அவன் பொண்டாட்டிகிட்ட எப்படிக் கணக்குச் சொல்லுவான்?" என்று கேட்டார். முழுச் சீட்டையும் படமாக வரைந்து அனுப்பினால்தான் தமிழ் வரும் என்று கண்டுபிடித்தேன். முதலில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து "கொத்தவரை" கண்றாவியாக வந்தது, அதைச் சரிக்கட்டவே இரண்டு வாரம் ஆனது.

ஆனால் உண்மையான சிக்கலை அவர் கடைசி நாளில்தான் சொன்னார், அதையும் நேராகச் சொல்லவில்லை. ஒரு விவசாயி வந்து நின்றார், மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டுமாம். அண்ணாச்சி அப்போது கடையில் இல்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டி, பென்சிலால் ஏதோ கிறுக்கி, பணம் எடுத்துக் கொடுத்தார். விவசாயி போனபிறகு, "உம்ம மெசேஜு எல்லாருக்கும் மீதியைச் சொல்லிரும். சொல்லட்டும். இன்னைக்கு யாருக்குக் கொடுக்கணும், யாரை நாளைக்கு வரச் சொல்லணும்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன்லா? நாளைக்கு நூறு பேரு மெசேஜைத் தூக்கிட்டு ஒரே நேரத்துல வந்து நின்னா பெட்டியில பணம் எங்க இருக்கு?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷமாக அந்தக் கடையில் அவருக்கு இருந்த மரியாதையே அந்தப் பென்சிலில்தான் இருந்தது, நான் அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். ஆப்பை வாங்குகிறவர் அண்ணாச்சி, பிழைக்க விடுவதும் சாகடிப்பதும் கணக்குப்பிள்ளை. அவர் சண்டையே போடமாட்டார், சார்ஜ் இல்லை என்று மட்டும் சொல்லுவார், ஆறு மாதத்தில் கதை முடிந்துவிடும்.

இரண்டு மாற்றம் செய்தேன். அவர் பொத்தானை அழுத்தினால்தான் எஸ்.எம்.எஸ். போகும். சீட்டின் அடியில் "கணக்கு:" என்று போட்டு அவர் பெயர் அச்சாகும். இந்த இரண்டாவதை நான் விளையாட்டாகத்தான் செய்தேன். அச்சான சீட்டில் தன் பெயரைப் பார்த்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அடுத்த மாதம் பக்கத்துக் கடைக் கணக்குப்பிள்ளை என்னைத் தேடி வந்தார், அப்புறம் ஆலங்குளத்திலிருந்து அவர் மச்சினன். எனக்கு இன்றைக்கு வரைக்கும் விற்பனைக்கு என்று தனியாக ஆள் கிடையாது. விவசாயிக்குத் தன் மீதி தானாகத் தெரிய வேண்டாமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான், எனக்கும் அது உறுத்தியது. கேட்கிற விவசாயிக்கு உடனே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் கணக்குப்பிள்ளைமாரிடம் பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

இப்போது உன் குற்றாலத்துக்கு வருகிறேன். உன் ஆப்பில் லாட்ஜ் ஓனர் இருக்கிறார், குளிக்க வருகிற குடும்பம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் "ரூம் வேணுமா சார்" என்று பையை வாங்குகிற ஆட்டோக்காரர் எங்கே? எந்த லாட்ஜில் ரூம் காலி என்று ஓனருக்கு முன்னால் தெரிந்தவர் அவர்தான். சனிக்கிழமை மத்தியானம் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்றால் வாடகை ஏறும், சாயங்காலம் வெள்ளம் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டால் அதே ரூம் பாதிக்கு இறங்கும், இதை ஓனர் உன் ஆப்பில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பார் என்றா நினைக்கிறாய்? மேனேஜர் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லுவார். அதில் அவருக்குக் கமிஷன். நீ இடைத்தரகரை ஒழிக்கப் போகிறேன் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். நீ ஒழிக்கப்போகிறவரின் ஊரில், அவர் ஸ்டாண்டில், அவர் ஆட்டோவில் ஏறித்தான் நீ லாட்ஜ் லாட்ஜாகப் போகவேண்டும், அதையும் யோசித்துக்கொள்.

கிராமத்திலிருந்தே சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தலாம் என்பதற்கு நீ மத்தளம்பாறையைச் சொன்னாய். ஸோஹோ அங்கே வந்தது 2011-இல், ஸ்ரீதர் வேம்பு கம்பெனி தொடங்கியது 1996-இல். பதினைந்து வருஷம் உலகம் முழுக்க விற்றுவிட்டுத்தான் தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டார்கள், அவர்கள் சாஃப்ட்வேரை வாங்குகிறவர் மத்தளம்பாறையில் இருக்கத் தேவையில்லை. கிரிஷ் மாத்ருபூதம் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கினபோதும் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. அது வேறு ஆட்டம். நீ செய்யப்போவது நாலு கிலோமீட்டருக்குள் நடக்கிற வியாபாரம், அதில் யார் யாருக்கு மாமன் மச்சான் என்பதுவரை தெரிந்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளே ஸ்டோரில் உன் சொந்தப் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்தால் பொதுவில் விடுவதற்கு முன்னால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும், ஆனி ஒன்று என்று நாள் குறித்திருந்தால் அதைக் கழித்துக்கொள். பிரைவேட் லிமிடெட் இப்போதைக்குப் பதிவு செய்யாதே. நான் விசிட்டிங் கார்டு ஆசையில் செய்தேன், ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வைத்து வருஷக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளைக்கு 100 ரூபாய் அபராதம். என் கூட்டாளி பிரிந்து போன வருஷம் நான் அதைக் கவனிக்காமல் விட்டு, கட்டின தொகையை உன் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. (இதைப் படித்தால் தெரிந்துவிடும். பரவாயில்லை.) இலவசமாகக் கொடுக்காதே. நான் இலவசமாகக் கொடுத்த மூன்று கடையில் இரண்டு பேர் ஆப்பைத் திறக்கவே இல்லை, மாதம் 200 ரூபாய் என்று வைத்தபிறகுதான் "இது வேலை செய்யல, அது வரல" என்று திட்ட ஆரம்பித்தார்கள்.

குற்றாலம் ஆனியிலிருந்து ஆவணிவரை, மறுபடி கார்த்திகை மார்கழியில் ஐயப்பமார் கூட்டம், அதற்கு நடுவில் லாட்ஜ்காரரிடம் மாதக் கட்டணம் கேட்டுப் போய் நின்றால் என்ன சொல்லுவார் என்பதையும் யோசித்து வை. எனக்கு இதற்குப் பதில் தெரியாது.

ராஜினாமாவை இந்த மாதம் கொடுக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை பொதிகையில் ஏறித் தென்காசியில் இறங்கு. லேப்டாப் வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டோ ஸ்டாண்டில் உட்காருவோம், அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார், அவரிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன், பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுகிறேன் என்றார். ஆப்பைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே, எத்தனை போன் வருகிறது, யார் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்.

வரும்போது ரிச்சி தெருவில் மூன்று இன்ச் தெர்மல் பிரிண்டர் ஒன்று வாங்கி வா, பணம் அனுப்பிவிடுகிறேன். நம்ம கணக்குப்பிள்ளை பழைய பிரிண்டர் மேல் டீயைக் கொட்டிவிட்டார். இரண்டு நாளாகக் கையால் சீட்டு எழுதுகிறாராம், கை வலிக்கிறது என்று காலையிலிருந்து மூன்று போன்.

அன்புடன்,
மாமா